நெல்மணியளவு தள்ளி ஒரு நிலா

கந்தவேல் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை எடுத்த மணியனிடம் தராமல், மணியனின் அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க கவுண்டரே. இது நெலாவா?"

அப்புசாமிக் கவுண்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பாதி வட்டம் ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் கரைந்து, நடுவில் இரண்டு மூன்று கறைகள் மட்டும் தெரிந்தன.

"மோருல ஊறின அப்பளமாட்டம் இருக்குது," என்றார்.

மணியன் தலையைக் குனிந்துகொண்டான். இது பதினோராவது படம். முந்தைய பத்தும் இதே அப்பளம்தான்.

கந்தவேல் சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மணியனுக்கும் வசந்தாமணிக்கும் கல்யாணப் படம் எடுத்தவர் அவர்தான். மல்லசமுத்திரத்தில் ஒரு விசேஷத்துக்கு வந்தவர், மணியன் நிலாவைப் படம் பிடிக்கிறானாமே என்று கேள்விப்பட்டுத் தோட்டத்து வீடு வரைக்கும் வந்திருந்தார். கூடத்து மூலையில் மூன்று கால் தாங்கியில் நின்ற பித்தளைத் தொலைநோக்கியை இதற்குள் நான்கு முறை தடவிப் பார்த்துவிட்டார். மேட்டூர் அணை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு இன்ஜினியரிடமிருந்து மணியன் வாங்கியது அது. முகப்பில் மூன்றங்குல அகலக் கண்ணாடி. நிறுத்தி வைத்தால் வசந்தாமணியின் தோள் உயரம் வரும்.

"லென்ஸு போச்சுங்க," என்றார் கந்தவேல். "முன்னால ரண்டு கண்ணாடியைச் சேத்து வெச்சிருக்கறாங்க பாருங்க, அதுல கோளாறு. இல்லீன்னா வெள்ளைக்காரன் சும்மா வித்துட்டுப் போவானுங்களா? பித்தளை நல்ல பித்தளை. நான் வேணா எடுத்துக்கறேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணை வெச்சுப் பாத்தா நல்லாத்தானுங்க தெரியுது? மலை உச்சியெல்லாம் ஊசி குத்துனாப்பல தெரியுது. லென்ஸு கெட்டிருந்தா அது எப்படிங்க?"

கந்தவேல் சிரித்தார். "கண்ணுக்குத் தெரியறதெல்லாம் படத்துல உழுந்துருமா அம்மிணி? அதா, அதையே பாருங்க." சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை மோவாயால் காட்டினார். "பொண்ணு செவப்புன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க. படத்துல அப்படியா உழுந்துச்சு? உள்ளதுதானுங்க உழுகும். நான் என்ன பண்ணட்டும்?"

வசந்தாமணியின் முகம் சுருங்கியது. அந்தப் படத்தில் அவள் முகம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. உறவுக்காரர்கள் உறம்பரை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷமாக அவள் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்புவதையே விட்டிருந்தாள்.

அப்புசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மகன் கெட்டுப்போன சாமானை வாங்கி ஏமாந்துவிட்டான் என்று சந்தையில் நாலு பேர் பேசுவது அவர் காதுக்கும் வந்திருந்தது. அவருக்கு அதுதான் பெரிய குத்தல்.

"வார வெள்ளிக்கெழமை வண்டி கொண்டாங்க கந்தவேலு. அதுக்குள்ள என்ற பையன் ஒழுங்கா ஒரு படம் எடுத்துட்டான்னா இந்தப் பேச்சே இல்லை. எடுக்கலீன்னா இந்தப் பித்தளைக் கொழாயை ஏத்திக்கிட்டுப் போயிருங்க."

கவுண்டர் வாயிலிருந்து சொல் வந்துவிட்டால் வந்ததுதான். அன்று திங்கட்கிழமை. மணியனிடம் படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட்டுகள் இரண்டே இரண்டுதான் மீதி இருந்தன. சேலத்துக்கு எழுதிப் போட்டால் அடுத்த பெட்டி வந்து சேரப் பத்து நாளாவது ஆகும்.

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுங்க. பெசஞ்சே கூழாக்கிருவீங்களாட்ட இருக்குது."

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் வசந்தா. பிளேட்டுக் கழுவற மருந்தை மாத்தினேன். காத்தில்லாத நாளாப் பாத்து எடுத்தேன். நீயும் அட்டையை ஆடாம அசையாமத்தான் எடுத்தே, வெச்சே. மங்கல் கண்ணாடியில பாக்கறப்ப அத்தனை தெளிவா இருக்குது. அதே எடத்துல பிளேட்டை வெச்சா அப்பளம்."

மங்கல் கண்ணாடி என்பது காமிராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடி. தொலைநோக்கியின் கண் வைக்கும் பக்கத்தில், லென்ஸைக் கழற்றிய பழைய காமிராப் பெட்டியை மணியன் பொருத்தியிருந்தான். மங்கல் கண்ணாடியில் நிலா விழும். திருகைத் திருப்பி அது துல்லியமாகும் இடத்தில் நிறுத்துவான். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிளேட்டைச் சொருகுவான். தொலைநோக்கியின் முகப்பை மறைத்தபடி வசந்தாமணி கறுப்பு அட்டையைப் பிடித்திருப்பாள். அவன் "ம்" என்றதும் விலக்குவாள். கண் சிமிட்டும் நேரத்தில் மறுபடி மூடுவாள். பதினோரு படங்களுக்கும் அட்டை பிடித்தவள் அவள்தான். குழாய் சேலத்துக்குப் போய்விட்டால் அவளுடைய அந்தப் பதினோரு மாலைகளும் போன மாதிரிதான்.

அவன் கை கழுவப் போனதும் வசந்தாமணி கூடத்துக்கு வந்தாள். கந்தவேல் சொன்னது முள்ளாக நின்றுகொண்டிருந்தது. உள்ளதுதான் உழுகும் என்றாரே. அப்படி என்னதான் விழுந்திருக்கிறது பார்க்கலாம் என்று, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படத்தின் முன் போய் நின்றாள்.

முகம் கறுப்பு. அது தெரிந்த சங்கதி. ஆனால் கையைப் பார்த்தால் அத்தனை கறுப்பில்லை. மஞ்சள் பூசியது முகத்திலும் கழுத்திலும்தான். கழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டமாதிரி நிறம் மாறியிருந்தது. பக்கத்தில் மாமனாரைப் பார்த்தாள். அன்று அவர் போட்டிருந்த அங்கவஸ்திரத்தில் நாலு விரல் அகலத்துக்கு நல்ல நீலக் கரை உண்டு. அந்தத் துணி இன்னும் பெட்டியில் இருக்கிறது. படத்தில் அந்தக் கரையைக் காணவே காணோம். வெள்ளையோடு வெள்ளையாகப் போயிருந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க. இந்தக் கரை எங்கீங்க போச்சு?"

மணியன் ஈரக்கையோடு வந்து பார்த்தான். "அதுவா? அது பிளேட்டோட குணம். நீலம், ஊதாவெல்லாம் பிளேட்டுக்கு வெளிச்சமாட்டந்தான். அதனால வெள்ளையா உழுகும். மஞ்சளும் செவப்பும் அது கண்ணுக்கே தெரியாது. கறுப்பா உழுகும்."

"மஞ்சள் கறுப்பா உழுகுமா?"

"ஆமா. அன்னைக்கு உன்ற மூஞ்சியில அம்மா அப்பியிருந்த மஞ்சளுக்குத்தான் அந்தக் கறுப்பு. படம் புடிக்கறாங்க, பொண்ணு தங்கமாட்டம் மின்னோணும்னு மூணு தடவை அரைச்சுப் பூசச் சொன்னாங்களாமே."

வசந்தாமணி அவனை முறைத்தாள். "இதை ரண்டு வருசமா ஏனுங்க என்கிட்டச் சொல்லலை?"

"எனக்கென்ன தெரியும், நீ இதையே நெனச்சுக்கிட்டிருக்கறேன்னு? எனக்கு அந்தப் படத்துல நீ நல்லாத்தான் தெரிஞ்சே."

அவன் அதைச் சும்மா, உண்மையாகச் சொன்னான். வசந்தாமணியால் அதற்குமேல் முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதற்குள் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தெ இருங்க. பிளேட்டுக்கு ஊதாதான் தெரியுமா?"

"ஊதாவும் நீலமும்."

"நெலாவோட ஓரத்துல கத்திரிப்பூ நெறத்துல ஒரு கோடு தெரியுமே, நாங்கூடக் கேட்டேன், அது என்னன்னு."

"அது இந்த மாதிரிக் கொழாய்ல எல்லாத்துலயும் இருக்கும். ஒத்தைக் கண்ணாடியா இருந்தா வானவில்லாட்டம் நெறமெல்லாம் செதறிப்போகும். அதுக்குத்தான் ரண்டு கண்ணாடி. மஞ்சள், பச்சை, செவப்பு எல்லாத்தையும் ஒரே எடத்துல கூட்டிருவாங்க. ஊதா மட்டும் அடங்காது. சித்தெ தள்ளிப்போய்த்தான் கூடும். கண்ணுக்கு அது பெரிசாத் தெரியாதுன்னு உட்டுருவாங்..."

மணியன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்க உங்க கண்ணுக்குத் தெளிவா வெக்கறீங்க," என்றாள் வசந்தாமணி மெதுவாக. "பாக்கறது பிளேட்டு. அதுக்குத் தெரியறது ஊதா. அந்த ஊதா அந்த எடத்துல கூடவே இல்லை. கலைஞ்சு கெடக்குது. அந்தக் கலைச்சலைத்தான் பதினொரு தடவையும் படம் புடிச்சிருக்கறோம்."

அவன் அவளைப் பார்த்தான். அப்படி அவன் பார்த்து அவளுக்கு நினைவில்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட இல்லை.

"லென்ஸு கெடலை," என்றான் கடைசியில். "என்ற புத்திதான் கெட்டுப்போச்சு. இந்தப் பிளேட்டு சமாச்சாரமும் எனக்குத் தெரியும், கண்ணாடி சமாச்சாரமும் தெரியும். ரண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்கத் தெரியலையே."

"சரி, அந்த ஊதா எங்க கூடுதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? நம்ம கண்ணுல ஊதாவை மட்டும் பாக்க முடியுமா?"

அதற்கும் வழி அவள் தலைக்கு மேலேயே இருந்தது. கூடத்துக் கதவுக்கு மேல் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சதுரக் கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். வீடு கட்டியபோது அப்புசாமி சேலத்திலிருந்து வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்தவை. மாமனார் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, மணியன் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, வசந்தாமணி ஏறி நீலச் சதுரம் ஒன்றைச் சட்டத்திலிருந்து நெம்பி எடுத்தாள்.

புதன்கிழமை பொழுது விழுந்ததும் களத்துக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோனார்கள். மாசி மாதத்து வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பிறை உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. குழாயைக் கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக நிமிர்த்தி வைக்க வேண்டியிருந்ததால் மணியன் சாக்கை விரித்துக் கீழே மல்லாந்தான். வசந்தாமணி மாடு அவிழ்த்த வண்டியின் மேல் ஏறி, குழாயின் முகப்புக்கு மேலே அட்டையைப் பிடித்தாள்.

நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு மணியன் திருகைத் திருப்பினான். முதலில் நிலா மங்கலாக, நீலப் புகையாகத் தெரிந்தது. குழாயை வெளியே இழுக்க இழுக்கப் புகை சுருங்கியது. ஓர் இடத்தில் நீல நிலா கூர்மையாக நின்றது.

"வந்துருச்சு வசந்தா! பழைய எடத்துல இருந்து ஒரு நெல்லுமணி தடிமன் தள்ளி! அவ்வளவுதான்!"

அவள் அட்டையை விலக்கி மூடினாள். பருத்தி போடும் அறையை இருட்டறையாக்கி வைத்திருந்தான். சிவப்பு லாந்தரின் முன் பிளேட்டைக் கழுவி எடுத்தபோது இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அப்பளம்.

மணியன் சுவரில் சாய்ந்தான். வசந்தாமணி பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீலக் கண்ணாடியை எடுத்ததுக்கப்புறம் என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. மறுக்கா ஒருவாட்டி மங்கல் கண்ணாடியைப் பாத்தேன். நெலா மங்கலா இருந்துச்சு, சித்தெ..." அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "திருகைத் தொட்டுட்டேன்."

"தொட்டீங்களா, திருப்பினீங்களா?"

"திருப்பினேன். தெளிவா இருந்தாத்தானே கை அடங்குது. மங்கலா உட்டுட்டுப் பிளேட்டைச் சொருக எனக்குக் கை வரலை. அதுவாத் திருப்பிருச்சு."

அவன் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மீதி ஒரே ஒரு பிளேட்.

"நாளைக்குத் திருகு என்ற கையில," என்றாள். "நீங்க வண்டியில ஏறி அட்டை புடிங்க."

வியாழக்கிழமை அவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மாமியார் சென்னியம்மாள் வாசலில் மறித்தாள்.

"இன்னைக்கு அட்டமி. அட்டமியில எதையும் தொடங்காதீங்க சாமி."

"தொடங்கலீங்க அத்தை," என்றாள் வசந்தாமணி. "தொடங்கிப் பன்னெண்டு தடவை ஆச்சு. இன்னைக்கு முடிக்கத்தான் போறோம்."

சென்னியம்மாளும் பின்னாலேயே களத்துக்கு வந்தாள். மகன் வண்டியின் மேல் அட்டையோடு நிற்பதையும், மருமகள் சாக்கில் மல்லாந்து குழாய்க்கடியில் கிடப்பதையும் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது போ! கீழ பொண்டாட்டி ஏவறா, மேல புருசன் கொடை புடிக்கறான்!"

"கொடை இல்லீங்மா, அட்டை," என்றான் மணியன் மேலிருந்து.

வசந்தாமணி நீலக் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டாள். திருகு ஜில்லென்றிருந்தது. நீலப் புகை சுருங்கிச் சுருங்கி, பாதி வட்டத்தின் வெட்டுவாய் ரம்பப்பல் மாதிரி எழும்பியது. அதையும் தாண்டி இழுத்தாள், மறுபடி கலைந்தது. திரும்பி வந்தாள். இரண்டு மூன்று முறை போய் வந்து, இங்கேதான் என்று மனசுக்குப் பட்ட இடத்தில் கையை எடுத்தாள். பின்னலில் இருந்த நூல்கயிற்றை அவிழ்த்துத் திருகைக் குழாயோடு சேர்த்து இறுக்கக் கட்டினாள். நீலக் கண்ணாடியை இறக்கிய பிறகு மங்கல் கண்ணாடியைப் பார்க்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே அதைக் கழற்றிப் பிளேட்டைச் சொருகினாள்.

"ம்," என்றாள்.

மணியன் அட்டையை விலக்கினான், மூடினான்.

இந்த முறையும் கழுவும் தட்டை ஆட்டியவன் அவன்தான். அவள் லாந்தரைப் பிடித்தாள். முதலில் ஒரு சாம்பல் புள்ளி. பிறகு பாதி வட்டம். ஓரம் கரையவில்லை. கத்தியால் நறுக்கிய மாதிரி நின்றது. மணியன் பிளேட்டைத் தூக்கிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுக்கவே மறந்துவிட்டான். அவள் முழங்கையால் இடித்து வாங்கிக்கொண்டாள்.

கடலையளவு நிலாவுக்குள் குழிகள் வரிசையாக இருந்தன. பெரிய குழிக்குள் சின்னக் குழி. வெட்டுவாயில், இருட்டுக்குள் தனியாக ஒரு மலை உச்சி, ஒரு பொட்டு.

"வசந்தா," என்றான் மணியன். மருந்து நாறும் கையோடு அவள் கன்னத்தைத் தொட்டான். அவள் தட்டிவிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கந்தவேல் வண்டியோடு வந்து இறங்கினார். அதற்குள் படத்தைப் பெரிதாக்கிக் காயவைத்து அட்டையில் ஒட்டியாகிவிட்டது. அப்புசாமி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வந்தவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை.

"பாருங்க."

கந்தவேல் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"வேற லென்ஸு போட்டீங்களா?"

"அதே கெட்டுப்போன லென்ஸுதானுங்க," என்றான் மணியன்.

"எப்படி?"

"என்னைக் கேட்டா? கண்டுபுடிச்சவங்க உள்ள இருக்கறாங்க, அவங்களைக் கேளுங்க. திருகு வெச்சதும் அவங்கதான். நான் அட்டை புடிச்சேன்."

வசந்தாமணி செம்பில் மோரோடு வந்தாள். கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். கண்ணுக்கு ஒரு இடம், பிளேட்டுக்கு ஒரு இடம் என்பதைச் சொன்னாள். நீலக் கண்ணாடியைச் சொன்னாள். மாமனார் தலையை நிமிர்த்திக் கதவுக்கு மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாக அவள் சொன்னது:

"இனிமே கல்யாணப் பொண்ணுகளைப் படம் எடுக்கறப்ப மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லுங்க. மஞ்சள் உங்க பிளேட்டுல கரியாத்தான் உழுகும். பொண்ணு நெறத்தைக் கொறை சொல்லாதீங்க."

உள்ளிருந்து சென்னியம்மாள் ஓடிவந்தாள். "அடக் கண்ணு! அப்ப நான் அரைச்ச மஞ்சள்தான் உன்னையக் கறுப்பாக்குச்சா? மூணு தடவை அப்பச் சொன்னேனே பாவி!"

"நாலு தடவைங்க அத்தை," என்றாள் வசந்தாமணி. எல்லாரும் சிரித்தார்கள். கந்தவேலும் சிரிக்க வேண்டியதாயிற்று. மோரைக் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தார்.

"பத்து வருசமாத் தொழில் பண்றேன் அம்மிணி. இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே, "அந்தக் கலியாணப் படத்துக்கு நான் சொன்னதும் தப்புத்தான்," என்றார்.

அவர் வண்டியில் ஏறப்போகும்போது அப்புசாமி தடுத்தார். பண்ணையாள் சின்னானைக் கூப்பிட்டு, நிலக்கடலை மூட்டை ஒன்றும் பரங்கிக்காய் இரண்டும் கொண்டுவரச் சொன்னார்.

"இதெல்லாம் எதுக்குங்க கவுண்டரே?"

"கொழாயை ஏத்த வந்த வண்டி. வெறும் வண்டியா எங்க ஊட்டு வாசலை உட்டுப் போகக் கூடாது." மூட்டை வண்டிக்குள் விழுந்ததும் அவர் துண்டால் கையைத் தட்டினார். "சேலம் போனதும் மொதல் வேலையா, ரண்டு பெட்டி பிளேட்டு வாங்கி ஆள் மூலமா அனுப்பி வெய்யுங்க. பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரங்கூட இல்லை. என்ற மருமவ முழு நெலாவை எடுக்கோணுமல்ல?"

வசந்தாமணி மணியனைப் பார்த்தாள். அப்படி ஒரு யோசனை அவளுக்கே இன்னும் வரவில்லை.

"முழு நெலாவுல குழியெல்லாம் அவ்வளவாத் தெரியாதுங்க மாமா," என்றாள். "நெழல் உழுகாதில்ல."

"தெரியாட்டிப் போகுது," என்றார் அப்புசாமி. "நீ எடு சாமி."